புரூடரில் கோழிக்குஞ்சுகளுக்குப் பாதுகாப்பாக வெப்பம் தருவது எப்படி?

பொரித்து வெளிவந்த கோழிக்குஞ்சின் மேல் இருப்பது வெறும் மென்தூவிதான். இறகு முளைத்து, உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறன் கைகூடச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை தாய்க்கோழியின் சிறகடி தரும் கதகதப்பைப் புரூடர், அதாவது விளக்கால் சூடேற்றிக் குஞ்சுகளை வளர்க்கும் தடுப்பு, தர வேண்டியிருக்கிறது. குளிரும்போது தாயின் சிறகுக்குள் புகுந்துகொள்ளும் குஞ்சு, சூடு போதுமென்றால் வெளியே வந்து மேயத் தொடங்கிவிடும். புரூடரிலும் அந்த விருப்பத்தைக் குஞ்சுக்கே விட்டுவைக்க வேண்டும். ஆகவே விளக்கை நடுவிலோ ஒரு பக்கத்திலோ தொங்கவிட்டு, சூடு குறைந்த பகுதி ஒன்றைக் கட்டாயம் ஒதுக்குங்கள். விலகிச் செல்ல இடமில்லாத வெப்பம் குளிரைப் போலவே குஞ்சுகளைக் கொல்லும்.

தடுப்பை வட்டமாக அமைப்பதே நல்லது. மூலைகள் இருந்தால், குளிரிலோ அச்சத்திலோ குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அடியில் சிக்கியவை மூச்சுத் திணறி இறந்துவிடும். சுமார் 45 செ.மீ. உயரமுள்ள அட்டையோ தகரமோ காற்று நேராக வீசாமல் தடுக்கப் போதுமானது. மேற்பகுதியை முழுவதும் மூடிவிடக் கூடாது. தரையில் உலர்ந்த உமியையோ மரச்சீவலையோ 5 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். வழவழப்பான தாளை மட்டும் விரித்தால், கால்கள் வழுக்கி இருபுறமும் அகன்று, குஞ்சு நடக்க முடியாமல் போகக்கூடும்.

குஞ்சுகளை விடுவதற்குப் பல மணி நேரம் முன்பே விளக்கை எரியவிட்டுக் கூளத்தையும் சூடாக்கிவிட வேண்டும். வெப்பமானியைச் சுவரில் மாட்டிப் பயனில்லை. விளக்கின் கீழே, குஞ்சின் முதுகு உயரத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வாரத்தில் அங்கே 35 டிகிரி செல்சியஸ் அளவு இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி வீதம், விளக்கைச் சற்றே உயர்த்தி, 21 டிகிரி வரை குறைத்துவரலாம்.

இந்த எண்கள் தொடக்கத்துக்கு மட்டுமே. அதன்பின் நான் நம்புவது குஞ்சுகளின் நடத்தையைத்தான். விளக்கின் கீழே நெருக்கியடித்து நின்று கீச்சுக்குரலில் விடாமல் கத்தினால், குளிர்கிறது என்று பொருள். தடுப்பின் ஓரமாக ஒதுங்கி, சிறகைத் தளர்த்தி, அலகைத் திறந்து மூச்சிரைத்தால், சூடு மிகுந்துவிட்டது. எல்லாமே ஒரே பக்கமாகக் குவிந்திருந்தால், எதிர்ப்பக்கத்தில் எங்கிருந்தோ காற்று நுழைகிறது. அந்த இடுக்கைத் தேடி அடைத்துவிடுங்கள். பரவலாகத் திரிந்து, கொத்தி, குடித்து, நினைத்த இடத்தில் காலை நீட்டிப் படுத்து உறங்கினால் எதையும் மாற்ற வேண்டாம். இரவில் குளிர் கூடும் என்பதால், படுக்கப் போகும் முன் ஒருமுறை அவசியம் எட்டிப் பாருங்கள். மலவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருப்பதும் வெப்பம் சரியாக இல்லை என்பதற்கு ஓர் அறிகுறியாக இருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்துவிடுங்கள், இழுக்கக் கூடாது.

மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது தீ விஷயத்தில். 250 வாட் அகச்சிவப்பு விளக்கு உலர்ந்த கூளத்தின் மேல் விழுந்தால், மொத்தக் கொட்டகையும் எரிந்துவிடக்கூடும். எனவே மின்கம்பியிலோ கவ்வியிலோ மட்டும் தொங்கவிடாமல், சங்கிலியில் கட்டி, அது அறுந்தாலும் தாங்கும்படி இரண்டாவது கட்டும் போடுங்கள். சூடு தாங்கும் பீங்கான் ஹோல்டரும், பல்பைச் சுற்றிக் கம்பிக்கூண்டும் இருக்கட்டும். பல்பில் படியும் தூசியை, விளக்கை அணைத்து ஆறவைத்த பிறகு துடைக்க வேண்டும். டெஃப்ளான் பூச்சுள்ள பல்புகள் சூடேறும்போது வெளிவிடும் புகை பறவைகளுக்கு நஞ்சு என்பதால் அவற்றை வாங்கவே கூடாது. காற்றோட்டமில்லாத இடத்தில் கரியடுப்பு வைத்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கி, குஞ்சுகளோடு ஆட்களின் உயிருக்கும் ஆபத்தாகும்.

தண்ணீர்த் தட்டு ஆழமற்றதாக, விளக்கின் நேர்க்கீழே இல்லாமல் இருக்க வேண்டும். அதில் கூழாங்கற்களைப் போட்டுவைத்தால் குஞ்சு விழுந்து நனையாது. நனைந்த குஞ்சு விரைவில் விறைத்துவிடும். மின்சாரம் நின்றுபோனால், வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டில்களைத் துணியில் சுற்றிக் குஞ்சுகளிடையே படுக்கவைத்து, காற்றுப் போக வழிவிட்டுத் தடுப்பின் மேல் சாக்கைப் போர்த்துங்கள். ஆறியதும் நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.