புது அணி கட்டும் கோச்கள் தவிர்க்க வேண்டியவை

போன வாரம் கிருஷ்ணகிரியில் பையன்களின் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்த்தேன். இரண்டாவது குவார்ட்டரில் ஒரு பையன் பந்தைப் பறிகொடுத்தான். அவன் டிஃபென்ஸுக்கு ஓடி வருவதற்குள் அவனுடைய இளம் கோச் அவனை வெளியே எடுக்க மாற்று ஆளை ஸ்கோரர் மேசைக்கு அனுப்பிவிட்டார். பதினைந்து வருஷத்துக்கு முன் நான் செய்ததும் இதேதான். பயிற்சிக்கு லேட்டாக வருவது, ரெஃப்ரியிடம் சண்டை போடுவதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த தப்புகள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு தப்புக்கு வெளியே இழுப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. என் சீனியர்கள் எல்லோரும் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட வருஷம் அது. காவேரிப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி வரும் பதினாறு வயதுப் பையனை பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவனாகப் போட்டேன். பந்தைப் பறிகொடுத்தால் உடனே அவனுக்குப் பதில் வேறு ஆள். வரிசையாக நாலு ஆட்டம் தோற்றதும், சீனியர் ஒருவரை லீவு போடச் சொல்லி வரவழைத்தேன். ஒரு ஆட்டம் ஜெயித்தோம்.

அதற்கப்புறம் பையன் உள்ளே போனாலும், பாஸ் கொடுத்த கையோடு பெஞ்சைப் பார்ப்பான். எதிரே யாருமே இல்லாவிட்டாலும் ஷாட் எடுக்க மாட்டான். மாங்காய் சீசன் முடிந்து பயிற்சி தொடங்கியபோது அவன் வரவில்லை. சீனியருக்கும் ஷிப்ட் மாறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணியைப் பாருங்கள். 2020இல் மார்க் டேக்னால்ட் தலைமை கோச் ஆனார். முதல் சீசனில் 22 வெற்றி, 50 தோல்வி. அடுத்த சீசனில் 24 வெற்றி, 58 தோல்வி. 2021 டிசம்பர் 2 அன்று மெம்ஃபிஸ் அணியிடம் 152-79 என்று தோற்றார்கள். 73 புள்ளி வித்தியாசம்! அதுவரை என்பிஏவில் யாரும் அப்படித் தோற்றதில்லை. நிர்வாகம் கோச்சை மாற்றவில்லை, கோச்சும் இளைஞர்களை ஆடவிட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் 40 வெற்றி, 57, 2024-25இல் 68 வெற்றியோடு சாம்பியன் பட்டம். தோற்ற வருஷ அணியில் இருந்த லூ டோர்ட்டும் ஷே கில்ஜஸ் அலெக்சாண்டரும் கோப்பையைத் தூக்கும்போதும் இருந்தார்கள்.

இப்போது ஆட்டத்துக்கு முன்பே பையனிடம் சொல்லிவிடுகிறேன்: "முதல் ஆறு நிமிஷம் உன்னுடையது. மூணு தடவை பந்து போனாலும் எடுக்க மாட்டேன். திரும்பி ஓடலைன்னா எடுத்துடுவேன்."

பொறுமை என்று சும்மா இருப்பது

தோற்கும் வருஷத்தில்தான் கோச்சுக்கு வேலை அதிகம். ஸ்கோர் போர்டை விடுங்கள். ஒவ்வொரு பையனும் எத்தனை பந்து இழந்தான், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்டு) எத்தனை தடவை எதிராளியை மறித்து நின்றான் என்று நோட்டில் எழுதுங்கள். மாதக் கடைசியில் அதை அவனிடமே காட்டுங்கள். தோல்விக்கு நடுவிலும் தான் தேறி வருவது அவனுக்குத் தெரிய வேண்டும்.

வாரம் ஒரு பிளான்

வேண்டாம்.

அடுத்த வருஷம் கப் என்று பெற்றோரிடம் சொல்வது

அந்தச் சுமை பையன்கள் தலையில்தான் விழும்.

ஆட்டம் முடிந்ததும் அந்த இளம் கோச்சிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த ஆட்டம் தர்மபுரியில், முதல் குவார்ட்டர் முழுக்க அந்தப் பையனுக்கே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பார்க்க நானும் போகிறேன்.