மின்வாகனமா, எண்ணெயா: இந்த விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்வாகனங்கள் பெருகிவிட்டதால் எண்ணெயின் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு தரப்பினரும், எண்ணெய் இல்லாமல் உலகம் ஒரு நாள்கூட இயங்காது என்று மறுதரப்பினரும் அடித்துச் சொல்கிறார்கள். இரு தரப்பினரும் எடுத்துக்காட்டும் எண்களில் பெரும்பாலானவை சரியானவை. அவற்றை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் விவாதம் தடம் புரள்கிறது.

முதலில் விற்பனையையும் பயன்பாட்டையும் குழப்பிக்கொள்ளும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். 2024ஆம் ஆண்டில் உலகெங்கும் விற்பனையான புதிய கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை மின்கார்கள். சீனாவில் ஏறத்தாழ பாதி. நார்வேயில் பத்தில் ஒன்பதுக்கு நெருக்கம். ஆனால் உலகச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் மொத்தக் கார்களில் அவற்றின் பங்கு இருபதில் ஒன்று என்ற அளவைத்தான் எட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கார் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் ஓடக்கூடியது என்பதால், இன்று விற்பனையில் ஏற்படும் மாற்றம் எரிபொருள் நுகர்வில் முழுமையாகத் தெரிய நெடுங்காலம் ஆகும். உலகின் எண்ணெய் நுகர்வு இன்றும் நாளொன்றுக்குச் சுமார் 10 கோடிப் பீப்பாய். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். இந்த நுகர்வைக் காட்டி மின்வாகனங்களால் பயனே இல்லை என்பவரும், விற்பனைக் கணக்கைக் காட்டி எண்ணெய் வீழ்ந்துவிட்டது என்பவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

அடுத்தது, எண்ணெய் என்றாலே பெட்ரோல் என்று கருதுவது. சாலைப் போக்குவரத்து, உலக எண்ணெய் நுகர்வில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கையே எடுத்துக்கொள்கிறது. விமானம், கப்பல், நெகிழி, செயற்கை இழை, சாலைக்கான தார் எனப் பல தேவைகளுக்கு மீதி செல்கிறது. மேலும் சுத்திகரிப்பு ஆலையில் ஒரே கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல், விமான எரிபொருள், நெகிழிக்கு மூலப்பொருளான நாப்தா ஆகிய எல்லாமே சேர்ந்துதான் வெளிவருகின்றன. அவற்றின் விகிதத்தை ஓரளவுக்கு மாற்றலாமே தவிர, பெட்ரோலை மட்டும் வேண்டாமென்று ஒதுக்கிவிட முடியாது. ஆகவே கார்கள் மாறிய உடனே கச்சா எண்ணெயின் தேவையும் அதே அளவுக்குச் சரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஆனால் இதே உண்மையை வைத்து, 'நெகிழிக்கு எண்ணெய் தேவைப்படும்வரை வாகனத்தை மாற்றிப் பயனில்லை' என்று முடிவுக்கு வருவதும் பிழை. 1973ஆம் ஆண்டில் உலக மின்உற்பத்தியில் ஏறத்தாழ கால்பங்கு எண்ணெயை எரித்துத்தான் கிடைத்தது. அவ்வாண்டின் அரபு நாடுகளின் ஏற்றுமதித் தடையைத் தொடர்ந்து சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. 1979இல் ஈரான் புரட்சியை ஒட்டி மீண்டும் உயர்ந்தது. அதன்பின் மின்நிலையங்கள் படிப்படியாக நிலக்கரி, எரிவாயு, அணுசக்தி ஆகியவற்றுக்கு மாறின. இன்று அந்தப் பங்கு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. மற்ற எல்லாப் பயன்பாடுகளும் ஒழியட்டும் என்று அப்போது எவரும் காத்திருக்கவில்லை. எண்ணெய்ச் சார்பு இப்படி ஒவ்வொரு பயன்பாடாகவே விலகுகிறது.

உமிழ்வுக் கணக்கில் நடக்கும் தவறு இன்னும் பரவலானது. மின்காருக்கு வரும்போது சுரங்கம், மின்கலத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துவிட்டு, பெட்ரோல் காருக்கு வரும்போது புகைபோக்கியில் வெளிவருவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணெயைத் தோண்டி எடுத்து, கடல் கடந்து கொண்டுவந்து, சுத்திகரிப்பதற்கும் ஆற்றல் செலவாகிறது. அதன்பின் ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. எரிபொருளில் உள்ள கரிமம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால்தான் வாயுவின் எடை எரிபொருளின் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. பெட்ரோல் காரின் எஞ்சின் எரிபொருளில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்கையே சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மின்மோட்டாரோ தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகிறது.

தூய்மைப் போக்குவரத்துக்கான பன்னாட்டு ஆய்வுக் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு, தயாரிப்பு முதல் இறுதிவரையிலான முழு ஆயுளுக்கும் கணக்குப் போட்டது. பெட்ரோல் காரைவிட மின்காரின் உமிழ்வு ஐரோப்பாவில் 66 முதல் 69 விழுக்காடும், நிலக்கரி மின்சாரம் மிகுந்த இந்தியாவில் 19 முதல் 34 விழுக்காடும் குறைவு என்று அது கண்டது. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் 'உமிழ்வே இல்லாத வாகனம்' என்று விளம்பரம் செய்வது நேர்மையானது அல்ல; நிலக்கரி மின்சாரம் என்ற ஒரே காரணத்தால் பயன் எதுவும் இல்லை என்பதும் உண்மையல்ல. மின்கட்டமைப்பு தூய்மையாகும்போது ஏற்கெனவே சாலையில் ஓடும் மின்காரும் சேர்ந்து தூய்மையாகிறது. பெட்ரோல் காருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மிகுந்த கவனத்தோடு அணுக வேண்டிய வாதம் ஒன்று உண்டு: 'எண்ணெய் நாடுகளை நம்பியிருந்தோம், இனி கனிம நாடுகளை நம்பியிருக்கப் போகிறோம், அவ்வளவுதான்.' இதில் உண்மை இருக்கிறது. மின்கலங்களில் பயன்படும் உலோகமான கோபால்ட்டில், உலக அளவில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசில் தோண்டப்படுகிறது. மின்கல உற்பத்தியின் பெரும்பகுதி சீனாவின் கையில் இருக்கிறது. ஆயினும் இரண்டும் ஒரே வகைச் சார்பு அல்ல. எண்ணெய் எரித்துத் தீர்ப்பது. ஒவ்வொரு நாளும் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். உலக நுகர்வில் ஐந்தில் ஒரு பங்கு கடந்துபோகும், பாரசீக வளைகுடாவின் வாயிலில் உள்ள ஹோர்முஸ் நீரிணையில் கப்பல்கள் நின்றால், கையிருப்பு தீர்ந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் வாகனங்களே நின்றுபோகும். மின்கலத்துக்கான லித்தியம் வரத்து நின்றால் புதிய வாகனத் தயாரிப்புதான் நிற்கும். ஏற்கெனவே வாங்கியவை தொடர்ந்து ஓடும். மின்கலத்தில் உள்ள உலோகம் எரிந்து மறைவதில்லை. ஆயுள் முடிந்தபின் அதில் பெரும்பகுதியை மீட்க முடியும். கோபால்ட், நிக்கல் இரண்டுமே தேவைப்படாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலங்களும் பரவலாகிவிட்டன.

இதைச் சொல்லி காங்கோவின் சிறு சுரங்கங்களில் குழந்தைகள் உழைக்கும் கொடுமையைக் கடந்துபோய்விடக் கூடாது. அதைத் தடுப்பது மின்வாகனத்தை ஆதரிப்போரின் பொறுப்பு. எதிர்ப்பவர்கள் எடுத்துச் சொல்லும்வரை அவர்கள் காத்திருக்கலாகாது.

எல்லா மின்வாகனங்களையும் ஒரே தட்டில் வைப்பதும் தவறு. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த, மின்னேற்றம் செய்யக்கூடிய கலப்பினக் கார்கள் விற்பனைக் கணக்கில் மின்கார்களோடு சேர்க்கப்படுகின்றன. ஆனால் பலர் அவற்றைப் பெரும்பாலும் பெட்ரோலிலேயே ஓட்டுவதால், நடைமுறை உமிழ்வு சான்றிதழில் உள்ளதைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு என்று ஐரோப்பிய ஆணையம் 2024இல் கண்டறிந்தது.

கடைசியாக, வாகனங்களை எண்ணிவிட்டு அவை ஓடும் தூரத்தை மறந்துவிடுகிறோம். மின்வாகனத் தயாரிப்பின்போது கூடுதலாக வெளியான கரியமில வாயு, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும்தான் சிறிது சிறிதாக ஈடாகிறது. வாரம் முழுவதும் நிறுத்திவைக்கப்படும் கனமான இரண்டாவது காருக்குப் பெரிய மின்கலம் பொருத்தினால் அந்த ஈடு மிகத் தாமதமாகவே கிடைக்கும். நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடும் நகரப் பேருந்து, வாடகைக் கார், மூன்று சக்கர வண்டி ஆகியவற்றில் அது விரைவாகக் கிடைக்கும். எரிக்காமல் மிச்சமாகும் எண்ணெயும் அங்கேதான் அதிகம். மானியமும் மின்னேற்ற நிலையமும் முதலில் சேர வேண்டிய இடமும் அதுவே.