பழைய பார்லி வைனைச் சுவைக்கும் முறை

பார்லி வைனில் திராட்சைக்கு இடமே இல்லை. முளைகட்டிக் காயவைத்த பார்லி (மால்ட்), கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர் ஆகிய நான்கை முதன்மையாக வைத்து இங்கிலாந்தில் காய்ச்சப்படும் பியர்களில் மிகக் கனமான வகை இது. அந்நாட்டு மதுக்கடைகளில் அன்றாடம் ஊற்றப்படும் பிட்டர் என்ற பியரில் ஆல்கஹால் 4 விழுக்காட்டை ஒட்டியிருக்கும்; பார்லி வைனில் அது பெரும்பாலும் 8 முதல் 12 விழுக்காடு வரை செல்லும். வைனுக்கு நிகரான இந்த வலிமைதான் பெயருக்குக் காரணம். பர்ட்டன்-அப்பான்-ட்ரென்ட் நகரின் பாஸ் நிறுவனம் தனது நம்பர் 1 ஏல் (ஏல் என்பது பியரின் ஒரு வகை) என்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பெயரில் விற்றது. அதற்கு வெகுகாலம் முன்பே, நாட்டுப்புற மாளிகைகளில் வாரிசு பிறந்ததும் கனமான ஏல் ஒன்றைக் காய்ச்சி மரப்பீப்பாயில் அடைத்து, பிள்ளைக்கு 21 வயது நிறையும் நாளில் திறக்கும் வழக்கம் இருந்தது. ஆக, காத்திருந்து குடிப்பது இந்தப் பானத்துக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த பழக்கமாகத் தெரியவில்லை. காய்ச்சுகிறவரின் கணக்கிலேயே அது தொடக்கம் முதல் இருந்திருக்கிறது.

அத்தகைய பழைய பாட்டில் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் அதை எப்படித் திறப்பது, எப்படி முகர்வது, எப்படிச் சுவைப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். இதில் கைவர வேண்டிய திறமை ஒன்றுதான்: நாக்கில் படுவது முதுமையா, கேடா என்று பிரித்தறிவது. இரண்டும் பெரும்பாலும் ஒரே வேதிவினைகளிலிருந்து பிறப்பதால் முதல் மிடறில் ஒன்றுபோலவே தோன்றும். அவசரப்பட்டுக் கொட்டிவிடுகிறவர்களையும், கெட்டுப்போனதை விலைக்காகப் புகழ்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இரு சாராருமே பாட்டிலுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுக்கவில்லை.

எடுத்துக்காட்டாகத் தாமஸ் ஹார்டிஸ் ஏலை வைத்துக்கொள்வோம். டார்செட் மாவட்டத்து டார்செஸ்டர் நகரில் எல்ட்ரிட்ஜ் போப் நிறுவனம், நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி மறைந்து 40 ஆண்டுகள் நிறைந்த 1968இல் இதை வெளியிட்டது. அந்த ஊரின் கடும் பியரை ஹார்டி 1880இல் வந்த தம் நாவல் ஒன்றில் வருணித்திருந்ததே அதற்குத் தூண்டுதல். ஏறத்தாழ 12 விழுக்காடு ஆல்கஹால், பாட்டிலுக்குள்ளேயே உயிருள்ள ஈஸ்ட், கழுத்தில் ஆண்டு முத்திரை, குறைந்தது 25 ஆண்டுகள் தாங்கும் என்ற வாக்குறுதி ஆகியவற்றுடன் வந்த பானம் அது. அந்நிறுவனம் 1999இல் நிறுத்திய பிறகு, டெவன் மாவட்டத்தில் இயங்கிய ஓ'ஹான்லன்ஸ் ஆலை 2003 முதல் 2008 வரை அதைக் காய்ச்சியது. இவை தவிர, மான்செஸ்டர் பகுதியின் ஜே. டபிள்யூ. லீஸ் 1986 முதல் அந்தந்த ஆண்டு அறுவடையைக் கொண்டு காய்ச்சும் 11.5 விழுக்காட்டு ஹார்வெஸ்ட் ஏலும், லண்டன் ஃபுல்லர்ஸ் 1997இல் தொடங்கிய 8.5 விழுக்காட்டு வின்டேஜ் ஏலும் தேடுகிறவர்களுக்கு இன்னும் கிடைக்கின்றன. ஏழாம் எட்வர்ட் மன்னர் 1902இல் பர்ட்டனுக்கு வந்து தொடங்கிவைத்த கிங்ஸ் ஏல் கூட அவ்வப்போது ஏலத்தில் தலைகாட்டுகிறது. ஆனால் முதன்முறை சுவைப்பவர் 15 முதல் 25 வயது வரையுள்ள ஒரு பாட்டிலில் தொடங்குவதே நல்லது. லீஸ் பாட்டிலை வாங்கும்போது லேபிளைக் கூர்ந்து படியுங்கள். ஷெர்ரி, போர்ட் என்னும் வலுவூட்டிய வைன்கள், விஸ்கி ஆகியவை இருந்த பீப்பாய்களில் ஊறவைத்த வகைகளும் அதே பெயரில் உண்டு. பீப்பாயின் மணத்தை வயதின் மணமென்று எண்ணிக்கொண்டால் ஒப்பிடும் முயற்சி முழுவதும் வீணாகிவிடும்.

பாட்டில் வீட்டுக்கு வந்த அன்றே அதைத் திறக்காதீர்கள். பயணத்தில் கலங்கிய மண்டி அடியில் படிவதற்கு, இருட்டான குளிர்ந்த இடத்தில் ஒரு வாரமாவது அதை நிமிர்த்தி வையுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கழுத்தில் பானம் எதுவரை நிற்கிறது என்று பாருங்கள். மூடி காற்றை உள்ளே விட்டிருந்தால் மட்டம் தோள்வரை இறங்கியிருக்கும். தகர மூடியின் ஓரத்தில் துரு இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

மட்டம் சரியாக இருப்பது மட்டும் போதாது என்பதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். தனியார் ஒருவரிடம் வாங்கிய பாட்டில் ஒன்று, லேபிள் கசங்காமல், மட்டம் இறங்காமல், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. திறந்தபோது கருகிய சர்க்கரையும் நனைந்த அட்டையும் மட்டுமே வந்தன. அவற்றுக்கு அடியில் வேறெதுவும் இல்லை. பல கோடைகளாக அது கூரைக்குக் கீழுள்ள பரணில் கிடந்ததென்று பிறகுதான் தெரிந்தது. அதனால், வாங்குவதற்கு முன் பாட்டிலின் வயதைக் கேட்பதோடு அது எங்கே வளர்ந்தது என்பதையும் கேளுங்கள். 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை மாறாமல் நிற்கும் நிலவறையில் 20 ஆண்டுகளில் நிதானமாக நடப்பது, வெப்பம் ஏறிய அறையில் சில ஆண்டுகளிலேயே தாறுமாறாக நடந்து முடிந்துவிடுகிறது.

அருந்தும்போது வெப்பநிலை 12 முதல் 15 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தால் முக்கால் மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்துவிடுங்கள். பனிக்குளிரில் மணம் எழும்பாது. அறை வெப்பத்தில் ஆல்கஹாலின் காரம் மற்ற அனைத்தையும் மூடிவிடும். பிராந்திக்குப் பயன்படுத்துவது போல் அடி அகன்று வாய் குறுகிய சிறு கோப்பை போதும். சோப்பின் மணமோ அலமாரியின் மணமோ இல்லாதபடி அதை வெந்நீரில் மட்டும் கழுவிக் கவிழ்த்து உலரவிடுங்கள்.

தகர மூடியை ஒரே வீச்சில் பிடுங்காமல் இரண்டு மூன்று இடங்களில் மெல்ல நெம்பித் திறந்தால் மண்டி கலங்காது. ஹாம்ப்ஷயரின் கேல்ஸ் பிரைஸ் ஓல்ட் ஏல் போல் கார்க் அடைத்த பாட்டிலாக இருந்தால் திருகியை நம்ப வேண்டாம்; பழைய கார்க் பொடிந்து உள்ளே விழும். இரண்டு மெல்லிய தகடுகளைக் கார்க்கின் இருபுறமும் செருகி, முறுக்கிக்கொண்டே மேலே இழுக்கும் திறப்பானே இதற்கு ஏற்றது. திறக்கையில் மெல்லிய சீறல் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். 20 ஆண்டுகளைக் கடந்த பாட்டிலில் வாயு ஏறக்குறைய அடங்கியிருப்பது இயல்பு. அதைக் குறையாகக் கொள்ளாதீர்கள்.

பாட்டிலைச் சாய்த்த கையை மறுபடி நிமிர்த்தாமல், எல்லாக் கோப்பைகளிலும் ஒரே ஓட்டத்தில் ஊற்றுங்கள். நிமிர்த்திச் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் அடியிலுள்ள மண்டி எழுந்து வரும். ஆளுக்கு 60 மில்லி போதும். ஹார்டிஸ் ஏலின் பழைய சிறு பாட்டில் ஏறத்தாழ 180 மில்லி கொள்ளும். மூன்று பேருக்கு அது நிறைவான அளவு. அந்தச் சிறு பாட்டிலிலேயே பிரிட்டிஷ் கணக்குப்படி 2 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால்) சற்று மேல் ஆல்கஹால் இருக்கிறது; அங்குள்ள மருத்துவ அறிவுரை வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது. அடியில் தங்கும் கடைசி இரண்டு கரண்டியைப் பாட்டிலிலேயே விட்டுவையுங்கள். அதற்கும் வேலை இருக்கிறது.

ஊற்றிய உடனே, கோப்பையைச் சுழற்றாமல், ஒருமுறை முகர்ந்து மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடைபட்டுக் கிடந்த பானத்தின் முதல் மூச்சு அது. பெரும்பாலும் இனிமையாக இருக்காது. ஈர அட்டை, பழைய புத்தகம், பூட்டிய அறை போன்ற வாடை வரலாம். இவை பத்து இருபது நிமிடங்களில் விலகிவிட்டால் பாட்டில் நலமாக இருக்கிறது. நேரம் செல்லச் செல்ல வளர்ந்தால் கேடு. ஆகவே முதல் தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு நிறத்தைப் பாருங்கள். இளமையில் செம்பு நிறமாக இருந்தது இப்போது முற்றிய தேனின் பழுப்பாகவோ, விளிம்பில் மட்டும் செம்மை தெரியும் கரும்பழுப்பாகவோ மாறியிருக்கும். மங்கலான கலங்கல் பெரிய குற்றமாகாது.

பிறகு கோப்பையை மெல்லச் சுழற்றி மீண்டும் முகருங்கள். மால்ட்டின் சர்க்கரைகள் பேரீச்சை, உலர் திராட்சை, அத்தி ஆகியவற்றின் மணமாகவும், கருப்பட்டிப் பாகின் மணமாகவும் எழும். அவற்றுக்கிடையே தமிழ்ச் சமையலறையில் வளர்ந்த மூக்கு எளிதில் பிடிக்கக்கூடிய ஒரு மணம் ஒளிந்திருக்கும்: வெந்தயம். பழைய ஷெர்ரிக்கும் மதீரா வைனுக்கும் அவற்றின் தனி மணத்தைத் தரும் சொடோலோன் என்ற சேர்மம்தான் வெந்தயத்தின் மணத்துக்கும் முதன்மைக் காரணம். ஆக்சிஜன் நீண்ட காலம் சிறுகச் சிறுகச் சேரும் பழைய பியர்களிலும் அது உருவாகிறது. ஆங்கிலக் குறிப்புகளில் ஷெர்ரி போன்றது என்று எழுதப்பட்டிருப்பதைப் படித்துத் திகைப்பவர்கள், வாணலியில் லேசாக வறுத்த வெந்தயத்தையும் பாகு காய்ச்சும் வாசத்தையும் நினைவுக்குக் கொண்டுவந்து தேடினால் போதும்; கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது சிறு மிடறு ஒன்றை எடுத்து, நாக்கு முழுவதும் பரவவிட்டு, விழுங்கியபின் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியே மூச்சை விடுங்கள். பழைய பார்லி வைனின் பாதிச் சுவை அந்த வெளிமூச்சில்தான் இருக்கிறது. ஹாப்ஸின் கசப்பைத் தரும் அமிலங்கள் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிதைவதால், இளமையில் கசப்போடு மோதிக்கொண்டிருந்த இனிப்பு இப்போது தனியே முன்னால் நிற்கும். அந்த இனிப்பை எது தாங்குகிறது என்று கவனியுங்கள். எஞ்சிய மெல்லிய கசப்பு, வாதுமைத் தோலின் துவர்ப்பு, இதமான புளிப்பு, தொண்டையில் இறங்கும் ஆல்கஹாலின் சூடு ஆகியவற்றுள் ஏதேனும் தாங்கினால் அது நல்ல முதுமை. எதுவும் தாங்காமல், வெல்லத் தண்ணீர் போலத் தட்டையாக நாக்கில் படுத்துவிட்டால், பானம் உச்சத்தைக் கடந்துவிட்டது என்று கொள்ளலாம்.

சந்தேகத்துக்கு இடம் தரும் மணங்கள் மூன்று உண்டு. முதலாவது சோயா சாஸ் போன்ற உப்புக் கலந்த இறைச்சி மணம். பாட்டிலின் அடியில் இறந்த ஈஸ்ட் சிதைந்து தன் உள்ளடக்கத்தை வெளிவிடுவதால் இது வருகிறது. ரொட்டியில் தடவும் மார்மைட்டும் பியர் ஈஸ்டிலிருந்து எடுக்கப்படுவதே. அந்த நிறுவனம் 1902இல் பர்ட்டனில் தொடங்கப்பட்டதற்கு அங்கிருந்த பியர் ஆலைகளின் ஈஸ்ட்தான் காரணம். பின்னணியில் மெலிதாக இருக்கும்போது இம்மணம் பானத்துக்கு ஆழம் தரும். பழ மணங்களை அமுக்கிவிட்டால் கேடு. இரண்டாவது, தோல் சேணமும் குதிரைலாயமும் கலந்த மணம். பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் இதைத் தருகிறது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பியர் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாசன் 1904இல் இதைப் பற்றி அறிவித்தபோது, ஆங்கிலப் பழைய ஏல்களின் தனிச்சுவைக்கு இதுவே காரணம் என்று கண்டு, பிரிட்டனின் பூஞ்சை என்று பொருள்படும் அந்தப் பெயரைச் சூட்டினார். மரப்பீப்பாயில் வளர்ந்த ஏலில் இது மரபின் பகுதி. கேல்ஸ் பிரைஸ் ஓல்ட் ஏலில் புளிப்பும் இந்தக் காட்டுத்தனமும் எதிர்பார்க்க வேண்டியவையே. ஹார்டிஸ் ஏலில் தலைதூக்கினால் தொற்று என்று ஐயப்படலாம். மூன்றாவது, மூக்கைக் குத்தும் காடி (வினிகர்) மணம். இதில் தயக்கம் வேண்டாம். மூடி தோற்று, காற்று நிறைய நுழைந்து, பானம் காடியாகிவிட்டது. ஆல்கஹாலும் ஹாப்ஸும் அமிலத்தன்மையும் சேர்ந்து காப்பதால் பழைய பியரில் நோய்க்கிருமிகள் வளர்வதில்லை. உடலுக்கு ஆகாதோ என்று அஞ்ச வேண்டியதில்லை. சுவை இல்லாதபோது குடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இருபது நிமிடம் கழித்து ஒரு மிடறு, முக்கால் மணி நேரம் கழித்து இன்னொரு மிடறு என்று எடுத்து, ஒவ்வொரு முறையும் இரண்டு வரி எழுதி வையுங்கள். இடையில் தண்ணீரும் உப்பில்லாத வெறும் ரொட்டியும் தவிர வேறெதையும் தொடாதீர்கள். வசதியிருந்தால், அதே பெயருடைய இளம் பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துச் சுவையுங்கள். இளையதில் ஆரஞ்சுத் தோலும் புல்லும் கசப்பும் எங்கே நிற்கின்றன என்று தெரிந்துகொண்டு மூத்ததற்குத் திரும்பினால், காலம் எதைக் கொண்டுபோயிற்று, எதைக் கொடுத்தது என்பது எந்த விளக்கமும் இல்லாமலே நாக்கில் தெரியும். இதைவிடச் சிறந்த பயிற்சியை நான் கண்டதில்லை.

குறிப்பு எழுதி முடித்த பிறகு உணவுக்கு வரலாம். நீலப் பூஞ்சை படர்ந்த ஸ்டில்டன் பாலாடைக்கட்டி இதற்கு இங்கிலாந்தில் பழகிய துணை. அதன் உப்பு, பானத்தின் இனிப்பைத் தூக்கிக்காட்டும். வாதுமைக் கொட்டையும் கிறிஸ்துமஸ் புட்டிங்கும் பொருந்தும். மிளகாய்க் காரம் ஆகாது. அது ஆல்கஹாலின் சூட்டோடு சேர்ந்து நாக்கை மரத்துப்போகச் செய்துவிடும்.

கடைசியாக, பாட்டிலில் விட்டுவைத்த மண்டியைத் தனிக் கோப்பையில் ஊற்றி ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். தெளிந்த பானத்தில் சந்தேகமாகத் தெரிந்த ஈஸ்ட் மணம் இங்கே அப்பட்டமாக இருக்கும். அடுத்த பாட்டிலில் அதை எளிதில் இனம்காண இது உதவும். காலிக் கோப்பைகளை அன்றிரவே கழுவிவிட வேண்டாம். ஆல்கஹால் முற்றும் பறந்துவிட்ட காலையில், கோப்பையின் அடியில் காய்ந்த பழுப்பு வளையத்தை முகர்ந்து, எஞ்சியிருப்பது பாகா, வெந்தயமா, தோலா, வெறும் அட்டையா என்று குறிப்பின் கடைசி வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.