தகரக் கூரை வீட்டில் இணைய வேகம் கூட

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு நட்டால் மாகாணக் கரும்புத்தோட்டப் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்கள், இணையம் மெதுவாக இருக்கிறதென்று கூடுதல் டேட்டா வாங்குவதற்கு முன், சிம் அட்டை வழியே இணையம் தரும் ரூட்டர் வீட்டில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. ஏனெனில் தகரக் கூரையும் தகரச் சுவரும் கைபேசிக் கோபுரத்தின் அலைகளைப் பெருமளவு தடுத்துவிடுகின்றன. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் சிக்னல் வலிமையைப் பார்க்கலாம்: RSRP என்று காட்டும் அந்த எண் மைனஸ் 110 என்றால் மிகப் பலவீனம், மைனஸ் 85 என்றால் நல்ல நிலை. கோபுரம் இருக்கும் திசையிலுள்ள சன்னல்களில் ரூட்டரை மாற்றி மாற்றி வைத்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்குமே தேறாவிட்டால் மட்டும் வெளி ஆண்டெனா வாங்கலாம். விற்பவர் என்ன சொன்னாலும், ஆண்டெனாவை ரூட்டரோடு இணைக்கும் கம்பி நீளமானால் சிக்னலைக் குறைத்துவிடும் என்பதால் குட்டையானதே மேல். மீதமாகும் டேட்டாவைக் காலாவதியாகும் முன் நீட்டிக்கவோ, அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் உறவினருக்கு மாற்றவோ 2019 முதல் நடப்பிலுள்ள விதிமுறைகள் இடமளிக்கின்றன.