செகண்ட் ஹேண்ட் ஃபோர் பை ஃபோர் வாங்கப் போறீங்களா? முதலில் அடியில் பாருங்கள்

கீழக்கரையிலிருந்து கொல்லிமலை, வால்பாறை என்று அடிக்கடி கிளம்புகிறவன் நான். ஊரில் மணல், மலையில் சேறு. அதற்காக வாங்கிய முதல் பழைய ஃபோர் பை ஃபோரில் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) பணத்தை இழந்தேன். இரண்டாவது வண்டி நன்றாக ஓடுகிறது. ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக வண்டிக்கு வருகிறேன்.

படி 1: எந்த வண்டி?
மாருதி ஜிப்ஸி மணலில் லேசாகப் போகும். ஆனால் பெட்ரோல், பொதுமக்களுக்கான விற்பனையும் நின்றுவிட்டது. தூரம் ஓடுகிறவர்களுக்கு டீசல் பொலேரோ அல்லது மஹிந்திராவின் ‘தார்’ (Thar) வண்டிதான் என் தேர்வு. எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார். பொலேரோ எல்லாமே ஃபோர் வீல் டிரைவ் அல்ல, பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்)
நான் கோட்டை விட்டது இங்கேதான். அடியில் புதுக் கறுப்பு பெயின்ட் பளபளத்தது. நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று நம்பினேன். இரண்டே மாதத்தில் பின்பக்கச் சேஸிஸ் தகடு தகடாக உதிர்ந்தது. 2017-இல் அரிச்சல்முனைக்குத் தார் ரோடு வரும்வரை, தனுஷ்கோடிக்கு வேனும் ஜீப்பும் மணலிலும் கடல்தண்ணீரிலும்தான் ஓடின. அப்படி உழைத்த வண்டிக்குத் துரு உள்ளிருந்து வரும்.

வாட்டர் சர்வீஸ் ராம்பில் ஏற்றச் சொல்லுங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் சேஸிஸ் நெடுகத் தட்டுங்கள். ‘ணங்’ என்றால் சரி. ‘பொத்’ என்றால் வேண்டாம். சேஸிஸ் ஓட்டைகளுக்குள் செல்போன் டார்ச் அடியுங்கள். பின்சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, பாடி போல்ட்டுகள், பிரேக் பைப் மூன்றையும் விடாதீர்கள். ராம்பில் ஏற்ற மறுக்கிறவரிடம் விலையே பேசாதீர்கள்.

படி 3: மணலில் ஓட்டம்
ஃபோர் வீல் லீவர் விழுந்தால் போதாது. முன்சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டான முன் புரொப்பல்லர் ஷாஃப்டையே கழற்றி வைத்திருந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். இளகிய மணலில் மெதுவாக நகர்த்தி, முன்சக்கரமும் மணலை வாருகிறதா என்று வெளியிலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் வண்டியை நிறுத்தி, ஃபோர் வீல் லோ கியரிலும் (4L) பாருங்கள். தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டு வளைத்துத் திருப்பாதீர்கள், கியர்கள் இறுகும்.

படி 4: டயர்
நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். மணலில் காற்றை 18–20 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். தார் ரோட்டில் ஏறுமுன் நிரப்ப, பேட்டரியில் மாட்டும் கம்ப்ரஸர் கட்டாயம்.

பின்சேர்க்கை: “கடற்கரைக்குப் போய்வந்து தினமும் கழுவுகிறேன், அப்படியும் துருப்பிடிக்கிறதே” என்று சாயல்குடி நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், கழுவியது வீட்டு போர் தண்ணீரில். நம் பக்கம் பல இடங்களில் அதுவே உப்பு. வாங்கிய பிறகு, நல்ல தண்ணீர் உள்ள சர்வீஸ் ஸ்டேஷனில் அடிப்பகுதியைக் கழுவுங்கள்.