46 போட்டால் மட்டும் குரல் தெளியாது: கியூஓஎஸ் அமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளோடு சைட்டுக்குப் போனால், நாங்கள் பழகிய காலத்தில் பார்த்த அதே தப்புகள் கண்ணில் படுகின்றன. கேபிளை மாற்றிச் செருகுவது, ஒரே ஐ.பி.யை இரண்டு பேருக்குக் கொடுப்பது எல்லாம் பழகப் பழகத் தானாகச் சரியாகிவிடும். கியூஓஎஸ், அதாவது நெரிசலில் எந்தப் பாக்கெட்டை முதலில் அனுப்புவது என்ற ஏற்பாட்டில் நடக்கும் கீழே உள்ள தப்புகள் அப்படிச் சரியாவதில்லை.

நெரிசல் எங்கே என்று பார்க்காமல் முன்னுரிமை கொடுப்பது

ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும், அதாவது ஐ.பி.வி.4 ஹெடரில், இரண்டாவது பைட்டின் முதல் 6 பிட்டுக்கு டி.எஸ்.சி.பி. என்று பெயர். பாக்கெட்டை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கான குறி அது. 1998-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2474 வகுத்தது இது. 0 முதல் 63 வரை எதையும் எழுதலாம். குரலுக்கு வழக்கமாக 46. ஆனால் எழுதியதாலேயே எந்தப் பாக்கெட்டும் முந்தாது. வழியில் ஒரு கருவி அதைப் படித்து, தனி கியூவில் (வரிசையில்) வைத்து, முதலில் அனுப்ப வேண்டும்.

தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக் கடை. திருமங்கலம் குடோனோடு ஐ.பி. போனில் பேசுவார்கள். சாயங்காலமானால் முதலாளி பேசுவது அங்கே விட்டு விட்டுக் கேட்கும். "போன்ல 46 இருக்கு, ரவுட்டர்ல வாய்ஸ் கியூவும் போட்டாச்சுண்ணே, லைன்தான் பத்தல" என்று சொல்லி, பெரிய பிளானுக்குப் பணம் கட்ட வைத்துவிட்டார் தம்பி. அதற்குப் பிறகும் அதே கதை.

ஐ.பி. போன்கள் குரலை அனுப்பும் ஜி.711 முறையில் ஒரு காலுக்கு ஐ.பி. அளவில் 80 கே.பி.பி.எஸ். போதும். பத்துப் பேர் பேசினாலும் 1 எம்.பி.பி.எஸ். ஆகாது. அப்புறம் லைன் எப்படிப் பத்தாமல் போகும்? அந்த நேரத்தில் பில்லிங் பேக்கப் மேலே ஏறிக்கொண்டிருந்தது. லைன் 20 எம்.பி.பி.எஸ்., ரவுட்டர் போர்ட் 1 ஜி.பி.பி.எஸ். வந்ததையெல்லாம் ரவுட்டர் உடனே மோடத்துக்குத் தள்ளிவிடும். அதன் கியூவில் எதுவும் நிற்காது. நிற்காத இடத்தில் யாரை முன்னால் விடுவது? நெரிசல் முழுக்க மோடத்தில். அங்கே பேக்கப்பும் குரலும் ஒரே வரிசை, 46-ஐப் படிக்க ஆளில்லை.

வெளியே போகும் வேகத்தை ரவுட்டரிலேயே 18 எம்.பி.பி.எஸ்.-க்கு ஷேப் செய்ததும், அதாவது லைன் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே கட்டுப்படுத்தியதும், வரிசை ரவுட்டருக்கு வந்தது. வாய்ஸ் கியூ வேலை செய்ய ஆரம்பித்தது, குரல் தெளிந்தது. செலவு ஒரு பைசா இல்லை. வாடிக்கையாளரைப் பணம் கட்டச் சொல்வதற்கு முன், பேக்கப் ஓடும்போது ஒரு பிங் போட்டுப் பார்க்கக்கூடாதா என்ற எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை. பிங்குக்குப் பதில் வரும் நேரம் எகிறியும் ரவுட்டர் கியூ காலியாக இருந்தால், வரிசை வேறெங்கோ நிற்கிறது.

எல்லாவற்றுக்கும் 46

கேமராவுக்கும் பேக்கப்புக்கும் அதையே கொடுத்தால் வாய்ஸ் கியூ இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஸ்விட்ச்சை மறப்பது

2960 போன்ற பழைய சிஸ்கோ ஸ்விட்ச்சுகளில் 'எம்.எல்.எஸ். கியூஓஎஸ்' கட்டளையை மட்டும் போட்டு, போர்ட்டுக்கு 'டிரஸ்ட்' (வரும் குறியை நம்பு என்ற கட்டளை) கொடுக்காமல் விட்டால், போன் எழுதிய 46-ஐ அது 0 ஆக்கிவிடும். ஸ்விட்ச்சின் இரண்டு பக்கமும், பாக்கெட்டைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை வைத்துப் பாருங்கள். பிங்கில் டைப் ஆஃப் சர்வீஸ் (அந்த முழு பைட்டின் மதிப்பு) கேட்டால் கொடுக்க வேண்டியது 184. 6 பிட்டுக்குப் பின்னால் இன்னும் 2 பிட் இருப்பதால் 46 நான்கு மடங்காகிறது.

வைஃபை போன்

வைஃபைக்கு 0 முதல் 7 வரை தனி முன்னுரிமை எண் உண்டு. 46-இன் முதல் 3 பிட்டை மட்டும் பார்த்தால் 5. அதனால் பல ஆக்சஸ் பாயின்ட்டுகள் குரலை வீடியோ வகுப்பில் போட்டுவிடும். ஆர்.எஃப்.சி. 8325 சொல்வதுபோல் 46 குறியோடு வருவதை வைஃபை முன்னுரிமை 6-க்கு, அதாவது குரல் வகுப்புக்கு, மாற்றிவிடுங்கள்.