வங்கிச் சில்லறையில் பழைய காசு தேடப் போகிறீர்களா? இந்தத் தப்புகளைப் பண்ணாதீர்கள்

முதல் தப்பு வங்கிக்குள் கால் வைப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. யூடியூபில் யாரோ விக்டோரியா ராணி வெள்ளி ரூபாயைக் காட்டிப் பேசுவதைப் பார்த்துவிட்டு, நம்ம வேலூர் பக்கம் காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஒரு கிளையில் சில்லறைப் பை வாங்கினால் அதில் ஒன்றாவது மாட்டும் என்று கிளம்பிவிடுகிறார்கள். மாட்டாது. 1957-இல் நயா பைசா வந்ததோடு அணா கணக்குக்கு முடிவு வந்தது, 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாக்காசு. ஓட்டைக் காலணா வேண்டுமென்றால் பாட்டியின் சுருக்குப்பையைத்தான் கேட்க வேண்டும். ஆற்காடு ரூபாய் என்று நம்ம பக்கத்துப் பெயரிலேயே ஒரு வெள்ளிக் காசு உண்டு, சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தாமரைக் குறியோடும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் பிறைக் குறியோடும் அடித்தது. அதை ஏலத்திலோ அருங்காட்சியகத்திலோ பார்க்கலாம், கேஷ் கவுண்டரில் பார்க்க முடியாது.

அப்போ என்னதான் கிடைக்கும்? இன்னும் செல்லுகிற காசுகளில் பழையவை. கனமான பழைய ஒரு ரூபாய், பதினோரு மூலை வைத்த இரண்டு ரூபாய், அப்புறம் நினைவு நாணயங்கள். 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசு, காமராஜர் நூற்றாண்டு ஐந்து ரூபாய், அண்ணாவின் கையெழுத்து போட்ட ஐந்து ரூபாய், தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டுக் காசு, இதெல்லாம் கைக்கு வந்தால் சந்தோஷப்படலாம். பணக்காரர் ஆக முடியாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கவுண்டரில் போய் "மேடம், பழைய காசு இருக்கா?" என்று கேட்பது அடுத்த தப்பு. அவருக்குக் காசில் பழசு புதுசு கிடையாது, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்ற கணக்குதான், அதனால் "இல்லை" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிடுவார். "ஐந்நூறு ரூபாய்க்கு அஞ்சு ரூபாய் காசு வேணும், கடைக்காரங்க கட்டினதா இருந்தா நல்லது" என்று கேளுங்கள். இந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம், ஏனென்றால் அச்சடித்த கையோடு வந்த புதுப் பையை வாங்கினால் எல்லாம் ஒரே ஆண்டு, ஒரே முகம், தேட ஒன்றுமே இருக்காது. கடைக் கல்லாவும் கோயில் உண்டியலும் வந்து சேரும் பையில்தான் பல வருஷத்துக் காசு கலந்து கிடக்கும். பென்ஷன் வாங்க வரிசை நிற்கும் மாத முதல் வாரத்தில் மட்டும் போகாதீர்கள், திட்டு விழும்.

பத்து ரூபாய் காசை ஒதுக்குவதும் தப்புதான். நம்ம பக்கம் பல கடைகளில் இதை வாங்க மாட்டார்கள், கேட்டால் செல்லாது என்பார்கள். 14 வடிவங்களுமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊரே ஒதுக்குவதால் அது வங்கியில் தேங்குகிறது, நமக்கு அது வசதி.

காசு கைக்கு வந்ததும் எல்லாரும் ஆண்டை மட்டும் பார்க்கிறார்கள். ஆண்டுக்குக் கீழே இருக்கும் சின்னக் குறியைப் பாருங்கள்: வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லை என்றால் கொல்கத்தா. சில வருஷங்களில் வெளிநாட்டிலும் அடித்து வாங்கினார்கள். 1985 ஒரு ரூபாயில் 'எச்' எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அடித்தது. ஒரே ஆண்டுக் காசுக்கும் சேகரிப்பவர்கள் வேறு வேறு விலை கொடுப்பது இந்தக் குறியால்தான்.

தயவுசெய்து கழுவாதீர்கள். புளி, எலுமிச்சை, சபீனா, பேஸ்ட் எதுவுமே வேண்டாம். பளபளவென்று தேய்த்த காசை விவரம் தெரிந்தவர் தொட மாட்டார், தேய்த்த கோடு லென்ஸில் அப்படியே தெரியும். ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். மலிவான பிவிசி உறையில் நாளாக நாளாகப் பச்சை பிடிக்கும்.

வைஷ்ணோ தேவி படம் போட்ட காசு இருந்தால் பத்து லட்சம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை நம்பி விளம்பரம் கொடுத்தால் வாங்குகிற ஆள் வர மாட்டான், 'கமிஷன் கட்டுங்க, வரி கட்டுங்க' என்று கேட்கிறவன்தான் வருவான். ரிசர்வ் வங்கி பெயரிலேயே இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. 1818 என்று போட்டு ராமர், அனுமார் படத்தோடு வரும் 'கம்பெனி அரையணா' டுபாக்கூர். அதை வைத்து ரைஸ் புல்லிங், அதாவது அரிசியை இழுக்கிற சக்தி உள்ள காசு என்று பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பார்த்து முடித்த காசை மறுநாளே அதே கவுண்டரில் கொண்டுபோய்க் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். டீக்கடை, பஸ் கண்டக்டர், லாங் பஜார் காய்கறிக் கடை என்று சில்லறைக்கு அலைகிறவர்கள் எத்தனையோ பேர், அங்கே கொடுங்கள். வங்கியிலேயே கட்ட வேண்டுமென்றால் நூறு நூறாக எண்ணிப் பாக்கெட் போட்டு எடுத்துப் போங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை அந்த மேடம் உங்கள் தலையைப் பார்த்ததுமே சில்லறை இல்லை என்பார்.